லித்தியமும் முன்கழுத்தும்

இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எழுதும் மருத்துவர், நோயாளியின் மனநிலையை மட்டும் தம் பொறுப்பில் ஏற்பதில்லை. அவருடைய தைராய்டு சுரப்பியையும், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் பயறளவான பாராதைராய்டு சுரப்பிகள் நான்கையும், நீரைத் தேக்கச் சொல்லும் ஹார்மோனுக்குக் கீழ்ப்படிய வேண்டிய சிறுநீரகங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். நோய் தணிந்து, வீட்டார் நிம்மதியடைந்து, மாதம் ஒருமுறை அதே மாத்திரையை எழுதிக் கொடுப்பது வழக்கமான காரியமாகிவிட்ட பின்னர்தான் இந்தப் பொறுப்பு சோதனைக்கு உள்ளாகிறது. தென் தமிழகத்து மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனநலப் புறநோயாளிகளைப் பார்த்துவரும் இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், லித்தியத்தால் நேர்ந்த ஹார்மோன் மாற்றங்கள் விளைவித்த கேட்டைவிட, அந்த மாற்றங்களை மனநோயின் குறிகளாகப் பிழைபடப் படித்ததால் விளைந்த கேடு பெரிது.

இருதுருவக் கோளாறு என்பது, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும் மிகையெழுச்சியும் அதற்கு நேர்மாறான மனச்சோர்வும் ஒருவரிடமே மாறி மாறித் தோன்ற, இடைப்பட்ட காலங்களில் அவர் தம் பழைய இயல்புக்குத் திரும்பி வேலை பார்த்துக் குடும்பம் நடத்தவும் கூடிய நோயாகும். மிகையெழுச்சியில் மூன்று மணி நேரம் உறங்கியும் களைப்புத் தெரியாது, பேச்சு பெருகும், கடன் வாங்கியாவது செலவு செய்யத் தோன்றும். சோர்வு வந்தால் பல் துலக்குவதே பாரமாகும். இவற்றுள் மிகையெழுச்சியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் ஓர் எளிய உப்புக்கு உண்டு என்பதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மிகையெழுச்சி நோயாளிகள் பத்துப் பேரிடம் கண்டதை எழுதி உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில், இதய நோயாளிகள் சோற்றுப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடைத் தாராளமாகத் தூவிச் சாப்பிட்டு நச்சேறிச் சிலர் இறந்துபோனதால், அந்த அறிவிப்பை நம்பிக்கையோடு வரவேற்கப் பல நாடுகள் தயங்கின. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954-இல் தொடங்கி முறையான ஆய்வுகளால் லித்தியத்தை நிலைநிறுத்தினார். 1968-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களுமே, லித்தியம் உட்கொண்ட 330 பேரில் 12 பேருக்கு முன்கழுத்தில் வீக்கம் தோன்றியதையும் வெளியிட்டார்கள். தாம் வாழ்நாளெல்லாம் வாதாடி நிலைநாட்டிய மருந்தின் குறையைத் தாமே முன்வந்து அச்சிட்ட அந்த நேர்மை, லித்தியம் எழுதுகிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்கத் தக்கது.

தைராய்டு சுரப்பி, குரல்வளைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கத்தில் பட்டாம்பூச்சி வடிவில் அமர்ந்து, இரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துத் தைராக்சின் என்னும் ஹார்மோனை உண்டாக்கி, அதை உடனே வெளியிடாமல் ஒரு புரதக் கூழில் பிணைத்துச் சேமித்து வைத்து, உடலுக்கு வேண்டும்போது வேண்டிய அளவு விடுவிக்கிறது. லித்தியம் இச்சுரப்பிக்குள் இரத்தத்தில் இருப்பதைவிடச் செறிவாகச் சேர்ந்து, பல படிகளில் குறுக்கிட்டாலும் முக்கியமாக அந்தக் கடைசிப் படியாகிய விடுவிப்பைத் தடுக்கிறது. குதிரில் நெல் இருக்கிறது, மடைதான் திறக்கவில்லை என்று கிராமத்து நோயாளிகளுக்குச் சொன்னால் அவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இரத்தத்தில் தைராக்சின் குறைவதை உணர்ந்த பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச். என்பதைக் கூடுதலாகச் சுரந்து அனுப்ப, அந்த ஓயாத தூண்டுதலில் தைராய்டு பருத்துக் கழலையாகிறது. ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு சோம்பியிருக்கிறது என்று பொருள். ஆய்வகத் தாளில் அந்த எண்ணுக்கு எதிரே 'அதிகம்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, தைராய்டே அதிகமாகச் சுரக்கிறது என்று எண்ணிக்கொண்டு கொடுத்த தைராக்சினை நிறுத்திவிட்ட குடும்பங்கள் உண்டு என்பதால், இந்தத் தலைகீழ்க் கணக்கை விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்குவது வீண்போகாது.

2012-இல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 மடங்கு என்று கணக்கிட்டது. பெண்களுக்கும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் முன்பே இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் தைராய்டு நோய் உள்ளவர்களுக்கும் இந்த வாய்ப்பு மேலும் கூடும். ஆனால் எண்களால் மட்டும் இதன் உண்மையான தொல்லை விளங்காது. தைராக்சின் குறைந்தவருக்குக் காலையில் எழ முடியாது, உடல் கனக்கும், நினைவு மங்கும், பேச்சு மெதுவாகும், மலம் கட்டும், எதிலும் ஆர்வம் இராது; இவற்றில் ஒன்றுகூட மனச்சோர்வின் குறிப்பட்டியலில் இல்லாதது அன்று. முன்பு மனச்சோர்வு கண்ட ஒருவர் இந்தக் குறைகளைச் சொல்லிக்கொண்டு மனநல மருத்துவரின் முன் வந்து அமரும்போது, மருத்துவரின் கை பழகிய தடத்திலேயே போகிறது.

இக்கட்டுரையாளரின் கையும் ஒருமுறை அப்படிப் போயிற்று. நாற்பதைக் கடந்த தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், இரண்டு கடுமையான மிகையெழுச்சிகளுக்குப் பின் லித்தியத்தால் மூன்றாண்டுகள் நலமாக இருந்தவர், பாடம் நடத்தும்போது பிள்ளைகளின் பெயர் மறந்துபோகிறது என்றும், மத்தியானமானால் மேசையில் தலை சாய்கிறது என்றும் சொல்லி வந்தார். நோய் மறுபக்கம் சாய்கிறது என்று முடிவுசெய்து மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டது. ஆறு வாரம் கழித்துப் பயனில்லாமற்போக, அதன் அளவும் கூட்டப்பட்டது. இருதுருவ நோயாளிக்கு இத்தகைய மாத்திரை மிகையெழுச்சியைக் கிளப்பிவிடக் கூடும் என்பது பாடத்தின் முதல் பக்கத்திலேயே உள்ள எச்சரிக்கை. மூன்றாம் முறை வந்தபோது அவருடைய அக்கா உடன் வந்திருந்தார். "கழுத்தை ஒட்டிப் போடுற நெக்லஸ் இப்பல்லாம் மாட்ட மாட்டேங்குது டாக்டர், கொக்கியை ரெண்டு வளையம் தள்ளிப் போடுறா, ஆனா முகத்தைப் பாத்தா சதை வச்ச மாதிரி இல்ல, ஊதுன மாதிரி இருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான், மூன்றடி தொலைவில் ஆறு மாதமாக அமர்ந்திருந்த அந்தக் கழுத்தை மருத்துவர் தொட்டுப் பார்த்தார். டி.எஸ்.எச். 4-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 38 என்று வந்தது.

கழுத்தைப் பார்ப்பது பெரிய வித்தையன்று, ஆனால் முறை உண்டு. நோயாளியை அமரவைத்து, முகவாயைச் சற்றே உயர்த்தச் சொல்லி, ஒரு வாய்த் தண்ணீரை வாயில் வைத்திருந்து 'இப்போது' என்றதும் விழுங்கச் செய்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நோக்க வேண்டும். விழுங்கும்போது மேலேறி இறங்குவது தைராய்டு, அசையாமல் இருப்பது கொழுப்போ வேறு கட்டியோ. பின்னர் நோயாளியின் பின்னால் நின்று இரு கை விரல்களாலும் மென்மையாகத் தடவ, மீண்டும் ஒருமுறை விழுங்கச் சொல்ல வேண்டும். இதனோடு இன்னொன்றையும் செய்வது நலம்: நோயாளியை நாற்காலியின் மேல் முட்டி போட்டு, பாதங்கள் வெளியே தொங்க நிற்கவைத்து, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைச் சுத்தியலால் தட்டினால், பாதம் துள்ளிப் போய்ச் சட்டென்று திரும்பும், தைராக்சின் குறைந்தவருக்கோ போகும் வேகம் சரியாக இருந்து, திரும்புவது மட்டும் உறங்கி எழுந்தது போல மெல்ல வரும். அந்த ஆசிரியையின் பாதம் திரும்பிய விதத்தை ஒருமுறை கண்டவர், மனச்சோர்வையும் தைராய்டுக் குறைபாட்டையும் வேறுபடுத்தும் அறிகுறி இல்லை என்று பிறகு சொல்ல மாட்டார்.

இங்கே லித்தியத்தை நிறுத்த வேண்டுமா என்னும் கேள்வி எழுகிறது; குடும்பத்தார் கேட்பது இதுதான், பொதுமருத்துவர்கள் சிலர் கேட்காமலே செய்வதும் இதுதான். நிறுத்த வேண்டியதில்லை என்பது இத்துறையில் நன்கு நிலைபெற்ற விடை. குறைந்ததை மாத்திரையாகக் கொடுத்து ஈடுசெய்ய முடியும். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், அரைமணி நேரத்துக்குமேல் கழித்துக் காப்பி, கால்சியம் இரும்புச்சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி என்னும் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால், இரவில் லித்தியமும் காலையில் தைராக்சினும் பல்லாண்டு ஒன்றாகவே ஓடும். திடீரென்று லித்தியத்தை நிறுத்தியவர்களிடமோ மிகையெழுச்சி சில மாதங்களுக்குள் திரும்பும் ஆபத்து பெரிது. அதைவிட முக்கியமாக, தற்கொலையைக் குறைக்கும் ஆற்றல் மனநிலை நிலைப்படுத்திகளுள் லித்தியத்துக்கே மிக உறுதியாகத் தெரிந்துள்ளது. தைராய்டு எண்ணைச் சரிசெய்வதற்காக அந்தக் காப்பை எடுத்துவிடுவது, ஒழுகும் ஓட்டுக்காகக் கூரையையே பிரிப்பதாகும். டி.எஸ்.எச். 10-க்குக் கீழே சற்றே உயர்ந்திருக்க, தைராக்சின் அளவு சரியாக இருக்கும் இடைநிலையில் உடனே மருந்து வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மனநிலை அடிக்கடி மாறும் இருதுருவ நோயாளியிடம், ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ அலை எழுந்து விழும் 'விரைசுழற்சி' உள்ளவரிடம், காத்திருப்பதைவிடச் சிறு அளவில் தொடங்குவதையே இக்கட்டுரையாளர் விரும்புகிறார்.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்று உண்டு. அரிதாக வருவதாலேயே அது ஏமாற்றுகிறது. லித்தியம் எடுப்பவர் சிலருக்குத் தைராய்டில் வலியில்லாத அழற்சி தோன்றி, சேமிப்பில் இருந்த ஹார்மோன் ஒரேயடியாகக் கசிந்து, சில வாரங்கள் தைராக்சின் மிகும். படபடப்பு, விரல் நடுக்கம், உறக்கமின்மை, எடை குறைவு, பரபரப்பான பேச்சு என்று அது வரும்போது, மிகையெழுச்சி திரும்பிவிட்டது என்று எண்ணி லித்தியத்தை ஏற்றுவது எளிது. விரல் நடுக்கம் லித்தியத்தாலும் வரும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. மிகையெழுச்சி வந்தவர் குளிர்சாதன அறையிலும் வெளியிலும் ஒன்றுபோல் இருப்பார்; தைராக்சின் மிகுந்தவரோ மார்கழியிலும் விசிறியை வேகமாக வைக்கச் சொல்வார், உள்ளங்கை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். கைகுலுக்கும் பழக்கம் நம் புறநோயாளர் அறைகளில் இல்லை. இருந்தால் சில இரத்தப் பரிசோதனைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

சிறுநீரகத்தின் கதை வேறு வகையானது. அங்கே ஹார்மோன் குறைவதில்லை, அதன் சொல் எடுபடாமற்போகிறது. உடலில் நீர் குறையும்போது மூளையின் அடிப்பகுதியிலிருந்து வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் இறங்கி, சிறுநீரகத்தின் கடைக்குழாய்களில் நீர் நுழையும் வாயில்களைத் திறக்கவைத்து, நீரைத் திரும்ப உடலுக்கு இழுக்கிறது. லித்தியம், சோடியம் செல்லும் வழியாகவே அந்தக் குழாய்ச் செல்களுக்குள் புகுந்து, வாசோபிரெசினின் கட்டளையை அவை கேளாதவாறு செய்வதால், 'அக்குவாபோரின்' எனப்படும் நீர்வாயில்கள் குறைந்து, வெளிறிய சிறுநீர் குடம்குடமாய்ப் போகிறது. இதற்குப் பழைய பெயர் வெல்லமில்லா நீரிழிவு. நீரிழிவு என்ற சொல்லால் சர்க்கரை நோயோடு குழம்பி நோயாளிகளுக்குத் தவறான மருத்துவம் செய்யப்படுவதைத் தவிர்க்க, 2022-இல் உலகளாவிய ஹார்மோன் மருத்துவ அமைப்புகள் இதற்கு வாசோபிரெசின் எதிர்ப்பு என்னும் பொருளில் புதுப் பெயரிட்டன. குழப்பம் நம் ஊரிலும் அப்படியே நடக்கிறது: "ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறான், சொம்புச் சொம்பா தண்ணி குடிக்கிறான், சுகர் டெஸ்ட் எடுத்தோம், சுகர் இல்லேன்னுட்டாங்க" என்று தாய்மார் சொல்வதும், சுகர் இல்லை என்பதோடு விசாரணை முடிந்துபோவதும் வழக்கம். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பவர் பிழைத்துக்கொள்கிறார்; பாட்டில் குளிர்பானம் குடிப்பவரின் எடை ஏறுகிறது, ஏறிய எடையின் பழியை லித்தியம் சுமக்கிறது. ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் ஒரு பெரிய கேனில் சேர்த்து அளந்து 3 லிட்டருக்கு மேல் இருந்தால் மருத்துவர் செயல்பட வேண்டும்: லித்தியத்தை இரவில் ஒரே வேளையாக மாற்றுவது, அளவைத் தேவைக்கு மேல் வைக்காதது, தேவையானால் லித்தியம் புகும் அந்தச் சோடியம் வழியையே அடைக்கும் அமிலோரைடு மாத்திரையைக் கண்காணிப்போடு சேர்ப்பது என்று வழிகள் உள்ளன.

இந்த நோயாளிகளைத் தண்ணீர் குடிக்காதே என்று கட்டுப்படுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. நீர் வற்றினால், சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ள, இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் வயல்வேலை, வாந்தி பேதி, கோவில் விரதம், இரத்தக் கொதிப்புக்கென்று யாரோ சொன்ன உப்பில்லாப் பத்தியம், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் ஆகிய ஒவ்வொன்றும் லித்தியத்தை ஏற்றும். பத்தியம் இருப்பது உடம்புக்கு நல்லது என்பதில் நம் வீடுகள் வைத்திருக்கும் நம்பிக்கை ஆழமானது; லித்தியம் எடுப்பவருக்கு மட்டும் உப்பைச் சட்டென்று குறைப்பதே ஆபத்து என்பதைச் சீட்டில் தமிழில் எழுதி, படித்துக் காட்டியும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

தைராய்டையாவது பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாராதைராய்டைக் கிட்டத்தட்ட யாரும் நினைப்பதில்லை. பெயர் ஒட்டியிருந்தாலும் இச்சுரப்பிகளின் வேலை தைராய்டின் வேலையன்று: இரத்தத்தில் கால்சியம் குறைகிறதா என்று இடையறாது அளந்து, குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை வாங்கி இரத்தத்துக்குக் கொடுப்பது. லித்தியம் அந்த அளவுகோலையே சற்று மேலே தள்ளிவிடுகிறது. கால்சியம் போதுமான அளவு இருந்தும் போதவில்லை என்று கருதிச் சுரப்பி தொடர்ந்து சுரக்கிறது, ஆண்டுகள் செல்லச் செல்லச் சில நோயாளிகளில் சுரப்பிகள் பருத்தும் விடுகின்றன. 1973-இல் இது முதலில் மருத்துவ இதழில் பதிவானது. முன்சொன்ன தொகுப்பாய்வின்படி லித்தியம் எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கால்சியமோ பாராதைராய்டு ஹார்மோனோ இயல்புக்கு மீறி இருக்கிறது. களைப்பு, மலச்சிக்கல், சிறுநீரகக் கல், எலும்புத் தேய்வு, மறதி, மனம் மந்தமாதல் என்று இதுவும் மனச்சோர்வின் வேடத்திலேயே வருகிறது.

நம் நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாற்பதைக் கடந்த பெண் உடம்பு வலிக்கிறது என்று எங்கே போனாலும், கால்சியம் மாத்திரையும் வாரம் ஒருமுறை 60,000 அலகு வைட்டமின் டியும் எழுதப்பட்டுவிடுகின்றன. பலருக்கு அது தேவையும்கூட. ஆனால் பல்லாண்டு லித்தியம் எடுத்தவருக்கு இரத்தக் கால்சியத்தை அளக்காமல் இவற்றைக் கொடுப்பது, ஏற்கெனவே நிரம்பி வழியும் பாத்திரத்தில் ஊற்றுவதாகிவிடக் கூடும். லித்தியம் எடுப்பவரின் சீட்டில் கால்சியம் மாத்திரையைக் காணும்போதெல்லாம், கடைசியாக அளந்த கால்சியம் எவ்வளவு என்று கேட்பதை இக்கட்டுரையாளர் வழக்கமாக்கிக்கொண்டுள்ளார். பதில் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. கால்சியம் ஏறியிருந்தால் லித்தியத்தை நிறுத்துவதா, தொடர்ந்துகொண்டே சுரப்பியைக் கட்டுப்படுத்தும் சினகால்செட் போன்ற மருந்தைச் சேர்ப்பதா, பருத்த சுரப்பியை அறுவையால் நீக்குவதா என்பதை ஹார்மோன் மருத்துவரோடு அமர்ந்து முடிவுசெய்ய வேண்டும். தைராய்டைப் போல இங்கே எளிய விடை கிடையாது, லித்தியத்தை நிறுத்திய பின்னும் கால்சியம் எல்லாருக்கும் இறங்கிவிடுவதில்லை.

பரிசோதனைகளின் மதிப்பு, இரத்தம் எடுக்கும் கையில் இருக்கிறது. லித்தியம் அளவைக் கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும் என்பது நன்கு அறியப்பட்டது. இரவு ஒன்பதுக்கு விழுங்கியவர் காலை ஒன்பதுக்கு வர வேண்டும், மாத்திரையைப் போட்டுவிட்டு வரக்கூடாது. அதிகம் அறியப்படாதது, பச்சை மூடிக் குழாய்களுள் ஒருவகை இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவப்பட்டது என்பதே. அதில் எடுத்த இரத்தத்தில் லித்தியத்தை அளந்தால் நோயாளியின் லித்தியத்தோடு குழாயின் லித்தியமும் சேர்ந்து, நலமாகச் சிரித்துக்கொண்டிருப்பவருக்கு நச்சளவு எண் வரும். அப்படி ஓர் ஆய்வகத்திலிருந்து 3-க்கு மேல் வந்த எண்ணைப் பார்த்துப் பதறி, இரவோடு இரவாக நோயாளியை வரவழைத்த பின்னரே குழாயின் நிறத்தைக் கேட்டறிந்த அனுபவம் இக்கட்டுரையாளருக்கு உண்டு. கால்சியத்துக்கோ கையில் இறுக்கிய ரப்பர் பட்டையே எதிரி. நரம்பு கிடைக்கவில்லை என்று நெடுநேரம் கட்டிவைத்தால் எண் பொய்யாக ஏறும். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. மருந்தைத் தொடங்கும் முன் எடுத்த எண்கள் இல்லையென்றால், பின்னால் வருவது எதனோடும் ஒப்பிட முடியாத எண்ணாகிவிடும்.

மாதவிடாய்க் கோளாறுகளுக்கும் முகத்தில் முளைக்கும் முடிக்கும் லித்தியத்தையே குற்றம் சொல்வது உண்டு. அந்தப் பழி, இதே நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட்டின் மீதே அதிகம் பொருந்தும். கருவுற்ற பெண்ணில் சிறுநீரகம் லித்தியத்தை வேகமாக வெளியேற்றி அளவு சரிவதும், பிரசவம் முடிந்ததும் அது சட்டென்று ஏறுவதும், அதே மாதங்களில் தைராக்சினின் தேவை கூடுவதும் தனிக் கட்டுரைக்கு உரிய செய்திகள்.

அந்த ஆசிரியை தைராக்சின் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் மனச்சோர்வு மாத்திரை படிப்படியாக நிறுத்தப்பட்டது, லித்தியம் நிறுத்தப்படவில்லை. பள்ளியில் வருகைப்பதிவுக்குக் கோடு போடுவது போலவே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவர் கட்டம் போட்டு, தேதி, லித்தியம், டி.எஸ்.எச்., கிரியேட்டினின், கால்சியம், எடை என்று தலைப்பிட்டு ஒவ்வொரு முறையும் தம் கையாலேயே நிரப்பி வருகிறார். கடைசிக் கட்டத்துக்கு அவராகவே வைத்த தலைப்பு 'கழுத்து'. கூட்டம் மிகுந்த ஒரு திங்கட்கிழமை, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு, சங்கிலியை ஒதுக்கி, முகவாயை உயர்த்திக் காத்திருந்தார்.